ஒற்றைக்கண் மாமியார்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் எல்லாரும் ரோலர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் பழுது பார்ப்பது அவர் தொழில். எந்த மெஷினைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே "ரோலர் தேஞ்சிருக்கும்" என்பார். பாதி நேரம் அது தப்பாகத்தான் இருக்கும். பிளக்கே மாட்டாமல் கிடந்த ஒரு மெஷினைப் பார்த்தும் அதையே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுக்கிறார். நான் கதையைத்தான் நம்புகிறேன்.

வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. அதே அறையில் ஜன்னல் பக்கம் அக்காவின் தையல் மெஷின். அவள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். இந்தப் பக்கம் திருகாணி, அந்தப் பக்கம் பட்டன் என்று இருக்க வேண்டிய அறையில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். ஒரு பையனின் சட்டைப் பையில் பிரிண்டரின் பல்சக்கரம் ஒன்று போய், அவனுடைய அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அக்கா போட்ட சத்தத்தில் மாமா சாப்பிடாமலே தூங்கிவிட்டார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையிலும் சாயங்காலமும்தான் எனக்கு வேலை. நடுவில் இருக்கும் நேரத்தில் ஆபீஸ்களில் தூக்கிப்போடும் பழைய மெஷின்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மாமாவிடம் இறக்குவேன். அவர் அதில் உருப்படியானதைக் கழற்றிக்கொள்வார். கழற்றியதையெல்லாம் தொழிலுக்குப் பயன்படுத்தினார் என்றால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன். மனிதர் ரோபோ செய்தார்.

ரோபோ என்றதும் கை கால் வைத்து நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஏமாந்தேன். சோப்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு வண்டி. சமையலறை வாசலிலிருந்து கிளம்பி, முன்னறை வரை தானாக வந்து, அவர் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். முதலில் செய்த வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் முட்டியது. இரண்டாவது வண்டி அக்காவின் காலில் முட்டியது. அதற்கப்புறம்தான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதற்கே தெரிய வேண்டும் என்பது மாமாவுக்கு உறைத்தது.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ் இருக்கிறதே, அதைப் பிரித்தால் உள்ளே குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும். சுற்றிலும் சீப்பு மாதிரி இடைவெளி விட்டிருக்கும். சக்கரத்துக்கு ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண். சக்கரம் சுற்றும்போது வெளிச்சம் மறையும், தெரியும், மறையும், தெரியும். அதை எண்ணினால் எவ்வளவு சுற்றியது என்று தெரிந்துவிடும். மாமா அதைப் பெயர்த்தெடுத்து வண்டிச் சக்கரத்தின் அச்சில் பொருத்திவிடுவார். கடையில் வாங்கினால் கொள்ளை விலை சொல்லும் சாமானை, குப்பைக்குப் போக வேண்டிய மவுஸிலிருந்து எடுத்துவிட்டோம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவார். பிரிண்டரை வாங்கிப்போக வந்தவர் பாவம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒரு கண் இருந்தால் சக்கரம் எவ்வளவு அசைந்தது என்றுதான் தெரியும். முன்பக்கம் சுற்றியதா, பின்பக்கம் சுற்றியதா என்று தெரியாது. அதற்கு இரண்டு கண் வேண்டும். எந்தக் கண் முதலில் வெளிச்சத்தைப் பார்த்தது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் மவுஸிலேயே இரண்டு கண் வைத்துச் செய்கிறார்கள். மாமா அதில் ஒன்றின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்.

"மோட்டாரை முன்னாடி போன்னு சொல்றதே நான்தான் மாப்ளே. அது எந்தப் பக்கம் போகுதுன்னு அது வந்து எனக்குச் சொல்லணுமா? ஒரு கண்ணு போதும்."

வண்டிக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. மூன்றாவது வண்டி மேஜைக்கு முன்னால் சொன்னபடி நின்றது. அக்காகூடக் கைதட்டினாள்.

கைதட்டிய அந்தக் கைக்குத்தான் யார் கண் பட்டதோ தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், இறுகிப்போயிருந்த ஜன்னலைச் சாத்த அக்கா உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். கண்ணாடி உடைந்து கை உள்ளே போய்விட்டது. முழங்கைக்கு உட்பக்கம் ஆழமான வெட்டு. ரத்தம் நின்றது, காயமும் ஆறியது, நரம்பு மட்டும் ஆறவில்லை. வலது உள்ளங்கையைக் கவிழ்க்க முடியவில்லை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. தையல்காரிக்குக் கத்திரி பிடிக்கும் விரல்கள் அவை. அவை இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல்தான் சொன்னார்.

"நரம்பைத் தைச்சிருக்கோம். அது தானா உயிர் பிடிக்குதான்னு கொஞ்ச காலம் பார்க்கலாம். பிடிக்கலைன்னா காலிலேர்ந்து ஒரு நரம்பை எடுத்து இங்க வச்சுத் தைக்கணும். ஆனா அதுக்கு ஒரு கெடு இருக்கு. ரொம்ப நாள் விட்டா சதை கரைஞ்சிடும். அப்புறம் என்ன வச்சுத் தைச்சாலும் பிரயோஜனம் இல்லை."

மறுபடி வந்து காட்ட ஒரு தேதி கொடுத்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பழக்கச் சொல்லி பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா ஒரு கைப்பிடியைக் கொடுத்து, "இதைப் பிடிச்சு உள்ளங்கை கீழ போற மாதிரி திருப்பப் பாருங்க. வரலைன்னாலும் முயற்சி பண்ணுங்க" என்றார். அக்கா அழுதுகொண்டே முயற்சி செய்தாள். பக்கத்தில் நின்ற மாமா அந்தக் கைப்பிடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உடைந்த பிரிண்டரை அப்படித்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தார். பிரிண்டரில் காகிதத்தை இழுக்கும் மோட்டாரும் அதன் பல்சக்கரங்களும் எடுத்து, கதவுக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, மேஜையில் திருகிவைத்தார். அக்காவின் கையை அதில் வைத்துப் பட்டையால் கட்டிவிட்டால், மோட்டார் முதலில் மெதுவாகக் கையைத் திருப்பிக் காட்டும். பிறகு மோட்டார் விட்டுவிடும். அப்போது அக்கா தானாகத் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினாள் என்பதை மவுஸ் கண் எண்ணி, பழைய எடை மெஷினிலிருந்து எடுத்த சிவப்பு எழுத்தில் காட்டும்.

அக்கா அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள்.

"செத்துப்போன உங்க அம்மாவே தேவலாம். அவங்ககூட இப்படி உக்காந்து எண்ணலை" என்றாள் மாமாவிடம்.

"எங்கம்மா எண்ணுனதை நீ பாக்கலை, அவ்வளவுதான்" என்றார் மாமா.

அந்த வீட்டில் பல நாளைக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு அது. முதல் நாள் மாமியார் காட்டியது ஒன்பது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, அக்கா அந்த ஒன்பதைத் திருப்பினாள். மறுநாள் பதினொன்று. அடுத்த வாரம் முப்பதைத் தாண்டியது. நான் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது வாசலிலேயே கேட்பேன், "மாமியார் இன்னைக்கு என்ன சொல்றா?" என்று. அக்கா உள்ளேயிருந்து நம்பரைக் கத்துவாள். தெருவே கேட்கும்.

நம்பர் ஏறிக்கொண்டே போனது. மெஷினே வீட்டில் இருக்கும்போது எதற்கு என்று பிசியோதெரபி அம்மாவிடம் போவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. டாக்டர் கொடுத்த தேதி நெருங்கியபோது அக்கா பின்வாங்கினாள். காலைக் கிழித்து நரம்பு எடுப்பது என்றால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

"கைதான் வருதேங்க. நல்லா வர்ற கையை எதுக்குத் திரும்பவும் வெட்டணும்?"

மாமா சிவப்பு எழுத்தைப் பார்த்தார். அன்றைக்கு நூறைத் தொட்டிருந்தது. "ஏறும்போது கை வைக்கக் கூடாதுதான்" என்றார். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். தள்ளிவைத்த தேதி வந்தபோது அதையும் தள்ளினார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நூறு என்று கண் முன்னால் எரிகிறதே, அதை எப்படி இல்லை என்பது?

ஆனால் கத்திரியை மட்டும் இன்னும் பிடிக்க முடியவில்லை. கேட்டால், "முதல்ல மணிக்கட்டு, அப்புறம்தான் விரல்" என்பாள். யார் சொன்னது என்று கேட்டால் மாமியாரிடம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

பள்ளிக்கூடம் அரை நாளோடு முடிந்த ஒரு நாள், மத்தியானமே வந்து ஜன்னலை ஒட்டி வேனை நிறுத்தினேன். பின்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. மாமாவைக் கூப்பிட்டு இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம் என்று எஞ்சினை அணைக்காமலே உள்ளே போனேன். என் வேன் நின்ற இடத்தில் ஆடும் ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாத்திரமெல்லாம் தாளம் போடும். அக்கா பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமா கீழே உட்கார்ந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார்.

மேஜையில் மாமியார் தனியாக இருந்தாள். கைப்பிடியில் யார் கையும் இல்லை. சிவப்பு எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

"மாமா, யாருமே இல்லாம மாமியார் எண்ணுறா பாருங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மாமா எழுந்து பார்த்தார். கைப்பிடியைத் தொட்டார். அது திரும்பவே இல்லை, மேஜையோடு சேர்ந்து லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாப்ளே, போய் வண்டியை நிறுத்து."

நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நம்பர் நின்றுவிட்டது.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணு."

ஸ்டார்ட் செய்தேன். நம்பர் ஓட ஆரம்பித்தது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் எனக்கே புரிந்துவிட்டது. சக்கரத்தின் ஒரு பல் வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதிர்வில் அது மயிரிழை முன்னே போகிறது, மயிரிழை பின்னே வருகிறது. ஒற்றைக் கண்ணுக்கு முன்னும் பின்னும் தெரியாது. அது போனதையும் எண்ணுகிறது, வந்ததையும் எண்ணுகிறது. அக்காவின் கை இத்தனை நாள் திரும்பவில்லை. நடுங்கியிருக்கிறது. அவள் எவ்வளவுக்கெவ்வளவு உயிரைக் கொடுத்து முயற்சி செய்தாளோ அவ்வளவுக்கு நடுங்கியிருக்கிறது. அந்த நடுக்கத்தைத்தான் நாங்கள் தெருவுக்குக் கேட்கக் கொண்டாடினோம்.

"வண்டின்னா நான் சொல்ற பக்கம்தானே போகும்" என்றார் மாமா. என்னிடம் சொல்லவில்லை, யாரிடமோ சொன்னார். "இது கை. கைக்கு நான் சொல்ல முடியுமா? எப்படிடா இது எனக்குத் தோணாமப் போச்சு?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஒரு கண்ணு போதும், ஒரு கண்ணு போதும் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்ட மனிதர். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் உட்காரத் தெரியாத ஆள் மாதிரி நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே இரண்டாவது கண்ணைப் பொருத்தினார். சாதாரணமாக அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை, சாயங்காலம் வரை இழுத்தது. அக்கா வழக்கம்போல வந்து கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துத் திருப்பினாள். நம்பர் இரண்டு காட்டியது. ஒன்று ஆனது. சைபருக்கு வந்தது. திரும்ப இரண்டு.

"என்ன, மாமியார் கோவிச்சுக்கிட்டாளா?" என்றாள்.

மாமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன், ஆனால் முடிக்கும் வரை கேட்டாள். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். பல்சக்கரத்துக்கு அப்படிக் கத்தியவள், கையைக் கட்டியிருந்த பட்டையை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் போய் அவிழ்த்துவிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார், ஊசி வைத்துப் பார்த்தார், பெருவிரலுக்குக் கீழே குழிந்துபோன சதையைத் தடவிப் பார்த்தார். குறித்துக் கொடுத்த தேதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். மாமா மெஷினைப் பற்றிச் சொன்னார். டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, திட்டவும் மனசு வராமல் மேஜையைப் பார்த்தார்.

"முன்னாடியே வந்திருந்தா நிச்சயமா கை சரியாகியிருக்கும்னு நான் சொல்லலை. ஆனா வழி இருந்தது. இப்ப வெட்டுனா வலிதான் மிச்சம்."

"என் நரம்பை எடுத்து வைக்க முடியாதாங்க?" என்று கேட்டார் மாமா. டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

பிசியோதெரபி அம்மா மட்டும் எங்களை விடவில்லை. "கை வருதோ இல்லையோ, பயிற்சியை நிறுத்திடாதீங்க. மூட்டு இறுகிடுச்சுன்னா சட்டை போடக்கூட முடியாது. வலி உயிர் போகும்" என்றார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மாமியார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா கெஞ்சினார். நான் அதட்டினேன். "திருப்பி என்ன ஆகப்போகுது, சைபர்தானே?" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டு நான் அழுதிருக்கிறேன். தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடியாயிற்று. கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி இறுக ஆரம்பித்தது.

மாமாவும் பழைய ஆளாக இல்லை. யாராவது மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் "திறந்து பாக்கணும்" என்கிறார். ரோலர் என்று அவரே சொல்வதில்லை. வண்டிகளையெல்லாம் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார். இரண்டு பேரும் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருத்தர் சாப்பிட்டாரா என்று இன்னொருத்தர் என்னிடம் கேட்பார். நான் நடுவில் நின்று என்ன செய்ய? பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தெரியும், குப்பை மெஷின் தூக்கத் தெரியும். இதற்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது அக்கா தானாகவே வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கையை வைத்தாள். மாமா அவசர அவசரமாக எழுந்து வந்து பட்டையைக் கட்டினார்.

"அந்த ரெண்டாவது கண்ணை எடுத்துடுங்க" என்றாள்.

மாமா பட்டையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பழையபடி ஒரு கண்ணோட இருக்கட்டும்."

"அது பொய்யி" என்றார் மாமா.

"பொய்னு எனக்குத் தெரியாதா? சைபரைப் பாத்துக்கிட்டு என்னால திருப்ப முடியலைங்க. நிஜமாவே முடியலை. நம்பர் ஏறுச்சுன்னா இன்னும் கொஞ்சம் முக்கலாம்னு தோணும். கை இறுகாமலாவது இருக்கும்ல? எடுங்க."

"என்னால முடியாதும்மா. வேற என்ன வேணாலும் செய்யச் சொல்லு."

"உங்க வண்டிக்கெல்லாம் ஒரு கண்ணு போதும்னீங்களே. எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேனா என்று. கட்டரை எடுத்து ஒரு ஒயரை வெட்டினார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். தோள் வரை நடுங்கியது. சிவப்பு எழுத்து ஏற ஆரம்பித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எவ்வளவுங்க?" என்றாள்.

"இருபது" என்றார் மாமா.

"சத்தமாச் சொல்லுங்க."

"முப்பத்தஞ்சு" என்றார். பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "அம்பது" என்றார்.

"நேத்தைவிட அதிகமா?"

"அதிகம்தான்மா" என்றார்.